அமர்ந்திருப்பவரும் வழிப்போக்கரே

கணவாய் மீனின் மைப்பையிலிருந்து எடுக்கப்படும் பழுப்பு மைக்குச் 'செப்பியா' என்று பெயர். அந்த ஒரே மையைக் கொண்டு விடியலையும் அந்தியையும் தீட்டிக் காட்டியவர் செருமானிய ஓவியர் காஸ்பர் டாவிட் பிரீட்ரிக் (1774-1840). லூத்தரன் சபையைச் சேர்ந்த இவர், இளம் வயதில் தாயை இழந்தார். 1787-இல் தம்பியை நீருக்குப் பறிகொடுத்தார். மரணத்தைச் சிறுவயதிலேயே கண்ட அக்கண்கள் இயற்கையில் இறைவனைத் தேடின.

அவருடைய மைச் சித்திரங்களில் இருவகை மனிதரைக் காண்கிறோம். ஒருவகையினர் நடக்கின்றனர், மறுவகையினர் அமர்ந்திருக்கின்றனர். 1805-இல் வைமார் நகரில், கவிஞர் கேத்தேயும் நண்பர்களும் நடத்திய போட்டியில் பரிசில் பங்கு பெற்ற சித்திரமொன்றில், திருயாத்திரிகர்கள் சிலுவையை நோக்கிச் செல்கின்றனர். 1802-இல் வரைந்த மற்றொன்றில், ஒரு வழிப்போக்கன் மைல்கல்லருகே தங்கியிருக்கிறான். நடப்பவர் நம் மண்ணக வாழ்வின் அடையாளம். அமர்ந்திருப்பவரோ சோம்பேறியல்லர், வந்த வழியை நினைந்து, செல்லும் இடத்தைத் தியானிப்பவர். இருவருக்கும் பாதை ஒன்றே.

மலைகளெல்லாம் நடந்து திரிந்த அந்த ஓவியரை 1835-இல் பக்கவாதம் தாக்கிற்று. எண்ணெய் வண்ண ஓவியம் தீட்டுவது அரிதாயிற்று. அவர் மீண்டும் செப்பியா மையையே நாடினார். தாம் வரைந்த அமர்ந்த மனிதராகத் தாமே ஆனார். ஆயினும் பயணம் நிற்கவில்லை.

நோயாளரைச் சந்திக்கச் செல்லும்போது, "கோயிலுக்கும் வர இயலவில்லை, சாமி, இனி நான் எதற்கு?" என்று முதியோர் கண்ணீர் விடுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு யாக்கோபின் கிணற்றை நினைவூட்டுவேன். வழிநடையால் களைத்து அங்கே அமர்ந்தவர் நம் ஆண்டவரே. அமர்ந்திருந்த அந்த வேளையில்தான் சமாரியப் பெண் வாழ்வு பெற்றாள்.

இன்னுமொன்று சிந்திப்போம். மரணப் படுக்கையில் இருப்போருக்கு அளிக்கும் நற்கருணையைத் திருச்சபை 'வழியுணவு' என்கிறது. எழுந்திருக்கவும் இயலாதவருக்கு வழியுணவு ஏன்? அவர் பயணத்தில் இருக்கிறார் என்று திருச்சபை விசுவசிப்பதால் அன்றோ!

ஆகவே, அன்பார்ந்த குடும்பத்தாரே, ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், கட்டிலில் இருக்கும் பாட்டனார் பாட்டியார் அருகே சற்று அமருங்கள். அன்று வாசிக்கப்பட்ட நற்செய்தியை எடுத்துச் சொல்லுங்கள். அவர்களோடு சேர்ந்து ஓர் அருள்நிறை மந்திரம் செபியுங்கள். அவர்கள் நம்மைவிடப் பின்தங்கியவர்கள் அல்லர், வீட்டை நெருங்கிவிட்டவர்கள்.