மாதவிடாயோடு வரும் குடல் வலி

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலையொன்றில் பணிபுரியும் பெண்ணுக்கு மாதவிடாய் நாள்களில் மலம் கழிக்கையில் கடும் வலி வந்தால், அது உணவுக் கோளாறு என்றே எளிதில் கருதப்பட்டுவிடும். அது எண்டோமெட்ரியோசிஸாகவும் இருக்கலாம்.

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்வதே இந்நோய். இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10% பேருக்கு, அதாவது 19 கோடிப் பேருக்கு, இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குடலைத் தாக்கும்போது மலக்குடலும் அதையொட்டிய பெருங்குடல் பகுதியுமே அதிகம் பாதிக்கப்படுகின்றன. திசு குடலின் வெளிச்சுவரிலிருந்து உள்நோக்கிப் பரவுவதால், கொலோனோஸ்கோப்பியில் எதுவும் தென்படாமல் போகலாம். அனுபவமிக்கவர் செய்யும் ஸ்கேனும் எம்ஆர்ஐயும் காட்டிக்கொடுக்கும். முற்றினால் குடல் சுருங்கி அடைப்பும் நேரலாம். அனைவருக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. பலருக்கு ஹார்மோன் மருந்துகளே வலியைத் தணிக்கும்.

மாதம் ரூ.21,000 வரை ஊதியம் பெறும் தொழிலாளர்களுக்கு இஎஸ்ஐ திட்டம் சிகிச்சை அளிக்கிறது. தகுதியுள்ளோருக்கு, மருத்துவச் சான்றின்பேரில், ஆண்டுக்கு 91 நாள் வரை 70% ஊதியமும் வழங்குகிறது. நோய் கண்டறியப்படாதவரை அந்தப் பெண் இழப்பது உடல்நலத்தை மட்டுமல்ல, ஊதியத்தையும்தான். எனவே, வயிற்றுவலியோடு வரும் பெண்ணிடம், ‘இது மாதவிடாயோடு வருகிறதா?’ என்று மருத்துவர்கள் கேட்பது வழக்கமாக வேண்டும்.