அழுதால்தான் மருந்து உள்ளே போகுமா? நெபுலைசருக்கு மிரளும் குழந்தைகளைப் பழக்கும் வழிகள்

"அழட்டும் விடுங்க... அழுதாத்தான் புகை நல்லா உள்ள போகும்!"

இரண்டு வயதுக் குழந்தையை ஒரு கையால் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நெபுலைசர் மாஸ்க்கை முகத்தில் வைக்கப் போராடும் அம்மாக்களுக்கு, பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் ஆறுதல் இது. பாட்டி சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். குழந்தை முகம் சிவந்து, கை கால்களை உதறிக் கதறும்போது, 'சரி, நல்லதுக்குத்தானே அழுகிறது' என்று அம்மாவும் மனதைத் தேற்றிக்கொள்வார்.

ஆனால், இந்த ஆறுதல் தவறானது. கதறும் குழந்தையின் நுரையீரலுக்குப் போகும் மருந்து கூடுவதில்லை, குறைகிறது.

ஓமலூர் வட்டாரத்தில் மார்கழி, தை மாதங்கள் சிறு குழந்தைகளின் மூச்சுக்குச் சோதனையான காலம். அதிகாலைப் பனி ஒருபக்கம். பொங்கல் நெருங்கினால் வெல்ல ஆலைகளில் அடுப்புகள் ஓயாமல் எரியும். போகியன்று தெருவுக்குத் தெரு பழைய பாயும் டயரும் கொளுத்தப்படும். தாரமங்கலம் பக்கம் தறி ஓடும் வீடுகளில் பஞ்சுத் தூசிக்குக் குறைவில்லை. சாதாரண வைரஸ் சளியில் ஆரம்பிப்பது, இந்தப் புகையும் தூசியும் சேர்ந்தால் இரவோடு இரவாக இழுப்பாக மாறிவிடும். மறுநாள் ஆஸ்பத்திரி; அங்கே 'புகை' வைப்பார்கள். அதன்பிறகு சில வீடுகளுக்கு நெபுலைசர் மெஷினும் வந்துவிடும். தினமும் இரண்டு முறையோ மூன்று முறையோ பத்து நிமிடப் போராட்டம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இது புகையும் அல்ல, ஆவியும் அல்ல

'புகை வைக்கிறது' என்று நம் ஊரில் சொன்னாலும் நெபுலைசரில் புகை எதுவும் இல்லை. மெஷினில் இருந்து வேகமாக வரும் காற்று, சிறிய கிண்ணத்தில் ஊற்றிய திரவ மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக உடைக்கிறது. மாஸ்க் வழியாக அந்தத் துளிகளைக் குழந்தை மூச்சோடு இழுத்துக்கொள்கிறது. சால்பூட்டமால் போன்ற மருந்துகள் சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் விரித்துவிடும். புடசொனைட் போன்றவை குழாயின் உட்புற வீக்கத்தைக் குறைப்பவை. இவை பெரும்பாலும் தொடர்ந்து பல நாட்கள் தரப்படும்.

கொதிக்கும் தண்ணீரில் ஆவி பிடிப்பதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆவி, சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்காது. துள்ளும் வயதுக் குழந்தையின் பக்கத்தில் கொதிநீர்ப் பாத்திரம் இருப்பது தீக்காயத்துக்கும் வழிவகுக்கும்.

அழும்போது என்ன நடக்கிறது?

ஒரு குழந்தை அழுவதைக் கவனித்துப் பாருங்கள். வீறிட்டு நீளமாக மூச்சை வெளியே விடும். பிறகு, ஒரு நொடியில் வெடுக்கென்று இழுக்கும். நேரத்தில் பெரும்பகுதி மூச்சு வெளியே போவதிலேயே கழிகிறது. மருந்துத் துளிகளோ மூச்சு உள்ளே போகும்போது மட்டுமே உள்ளே போக முடியும். அந்த வெடுக்கென்ற இழுப்பிலும் துளிகள் வேகமாக மோதித் தொண்டையிலேயே படிந்துவிடுகின்றன. அங்கிருந்து எச்சிலோடு வயிற்றுக்குப் போகின்றன. நுரையீரலின் சிறிய குழாய்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இதைப் பிரிட்டன் மருத்துவர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். கைக்குழந்தைகளுக்கு உறிஞ்சும் மருந்து ஒன்றைக் கொடுத்து, அது சிறுநீரில் எவ்வளவு வெளியேறுகிறது என்று கணக்கிட்டார்கள். அழுத குழந்தைகளின் உடலில் சேர்ந்த மருந்து, அமைதியாக இருந்த குழந்தைகளைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. 1999-ல் வெளியான ஆய்வு இது. ஆனாலும், 'அழுதால் நல்லது' என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை.

தள்ளிப் பிடித்தாலும் நஷ்டம்தான்

அழுகையைப் பார்க்கச் சகிக்காத பெற்றோர் செய்வது இன்னொன்று. மாஸ்க்கை முகத்தில் வைக்காமல், மூக்குக்கு நேரே சற்றுத் தள்ளிப் பிடிப்பார்கள். 'காத்துலயே போயிடும்' என்ற நினைப்பு. மாஸ்க் முகத்தைவிட்டு வெறும் 1 சென்டிமீட்டர் விலகினாலே, குழந்தைக்குக் கிடைக்கும் மருந்து ஏறத்தாழ பாதியாகிவிடும். 2 சென்டிமீட்டர் என்றால், பெரும்பகுதி அறைக் காற்றோடுதான் போகும்.

ஆக, கதறக் கதற அழுத்திப் பிடிப்பதும் பலன் தராது, பாவம் பார்த்துத் தள்ளிப் பிடிப்பதும் பலன் தராது. மாஸ்க் முகத்தில் பொருந்தியிருக்க வேண்டும். குழந்தை அமைதியாக மூச்சு விட வேண்டும். குழந்தையைச் சமாதானப்படுத்துவதைக் கொஞ்சல் என்று நினைக்க வேண்டாம். அதுவும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான்.

குழந்தை எதற்கு மிரள்கிறது?

குழந்தையின் இடத்தில் இருந்து பார்த்தால் பயம் நியாயமானதுதான். ஏற்கெனவே மூச்சு முட்டுகிறது. அந்த நேரத்தில் மூக்கையும் வாயையும் ஏதோ ஒன்று மூடுகிறது. பக்கத்தில் ஒரு பெட்டி 'டர்ர்ர்' என்று இரைகிறது. முகத்தில் ஈரக்காற்று வீசுகிறது. போதாக்குறைக்கு, எப்போதும் அணைக்கும் கைகளே இப்போது அமுக்கிப் பிடிக்கின்றன. ஒன்றரை, இரண்டு வயதில் 'இது உன் நல்லதுக்கு' என்ற விளக்கம் புரியாது. பழகிய பொருள், பழகிய விளையாட்டு, பழகிய மடி மட்டுமே புரியும்.

ஒத்திகை, உடம்பு நன்றாக இருக்கும் நாளில்

இழுப்பு வந்த ராத்திரியில் மாஸ்க்கை முதன்முதலாகக் காட்டுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. மெஷின் வீட்டுக்கு வந்துவிட்டால், குழந்தை சிரித்து விளையாடும் நாளிலேயே பழக்கத்தைத் தொடங்கலாம்.

முதலில் மாஸ்க் மட்டும். அதைக் குழந்தையின் கையில் கொடுத்துவிடுங்கள். கரடி பொம்மைக்கு வைக்கட்டும், தாத்தாவுக்கு வைக்கட்டும், அம்மாவும் ஒருமுறை தன் முகத்தில் வைத்துக் காட்டட்டும். டியூப் யானையின் தும்பிக்கை ஆகலாம். காமலாபுரம் விமான நிலையத்தில் விமானம் இறங்குவதைப் பார்த்த குழந்தைக்கு அது பைலட் மாஸ்க் ஆகலாம். பிறகு, ஐந்து எண்ணும் வரை தன் முகத்தில் வைத்துக்கொள்ளட்டும். மறுநாள் பத்து எண்ணும் வரை.

அடுத்தது சத்தம். மெஷினை அறையின் அந்தக் கோடியில் வைத்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். ஓமலூர் ஜங்ஷனில் மேட்டூர் ரயிலும் தருமபுரி ரயிலும் பிரிகிற ஊர்ப் பிள்ளைக்கு, 'ரயில் கிளம்புது பாரு' என்றால் போதும். அடியில் மடித்த துண்டு ஒன்றைப் போட்டால் அதிர்வுச் சத்தம் குறையும். ஆனால், காற்றுத் துவாரங்களை மூடக் கூடாது. சத்தம் குறைவான மெஷ் வகை நெபுலைசர்களும் கிடைக்கின்றன; விலை கூடுதல். உங்கள் குழந்தையின் மருந்துக்கு அது ஏற்றதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வாங்கலாம்.

இந்த ஒத்திகைகளில் மருந்து எதுவும் ஊற்றக் கூடாது.

மடி, நேரம், பேச்சு

குழந்தையைப் படுக்க வைக்காமல், மடியில் நிமிர்ந்து உட்கார வையுங்கள். அதன் முதுகு உங்கள் நெஞ்சில் சாய்ந்திருக்கட்டும். உங்கள் ஒரு கை அதன் கைகளின் மேல் அணைப்பாக இருக்கட்டும். மெஷினை முதலில் ஓடவிட்டு, சத்தம் பழகிய பிறகு மாஸ்க்கைக் கொண்டு வாருங்கள். மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடும் அளவில் இருக்க வேண்டும். பெரியவர்கள் மாஸ்க்கைக் குழந்தைக்கு வைத்தால் இடைவெளி வழியே மருந்து கண்ணில் படும்.

'வெச்சுக்கலாமா?' என்று கேட்டால், 'வேணாம்' என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, 'அம்மா மடியா, தாத்தா மடியா?', 'யானைப் பாட்டா, ரயில் பாட்டா?' என்று கேளுங்கள். மருந்து நிச்சயம் உண்டு. எப்படி என்பதில் மட்டும் குழந்தைக்கு உரிமை.

தினமும் அதே இடம், அதே நேரம், அதே பாட்டு என்றால் குழந்தைக்கு அடுத்து வருவது தெரிந்துவிடும். தெரிந்ததற்குப் பயம் குறைவு. செல்போன் காட்டியே ஆக வேண்டும் என்றால், நெபுலைசர் நேரத்துக்கு மட்டும் என்று ஒரு வீடியோவை ஒதுக்கி வையுங்கள். சாப்பிட்ட கையோடு வைக்காமல் சாப்பாட்டுக்கு முன்பு வைத்தால், இருமலில் வாந்தி வரும் வாய்ப்பும் குறையும்.

'அழுதா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்' என்ற மிரட்டல் மட்டும் வேண்டாம். அன்றைக்கு அழுகை நிற்கலாம். அடுத்த முறை மாஸ்க்கோடு ஊசிப் பயமும் சேர்ந்து வரும்.

முடிந்ததும் மெஷினின் சுவிட்சைக் குழந்தையே அணைக்கட்டும். 'என் சாமி, எவ்வளவு சமத்தா உக்காந்துச்சு' என்று அப்பா வந்ததும் அதன் காதுபடச் சொல்லுங்கள்.

அழ ஆரம்பித்துவிட்டால்?

குழந்தைக்கு ஓரளவு மூச்சு வருகிறது, வழக்கமான மருந்துதான் என்றால் மெஷினை அணைத்துவிடுங்கள். கிண்ணத்தில் இருக்கும் மருந்து அப்படியே இருக்கும். இரண்டு நிமிடம் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்து, அழுகை அடங்கியதும் தொடருங்கள். ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்பதில்லை.

தூக்கத்தில் வைக்கலாமா என்பது பலரின் கேள்வி. ஆழ்ந்து தூங்கும் சில குழந்தைகளுக்கு இது சரிவரும். ஆனால், மாஸ்க் பட்டதும் விழித்து மிரளும் குழந்தைகள் ஏராளம். அப்படி ஒருமுறை மிரண்டுவிட்டால், தூங்கவே பயப்படும் நிலை வரக்கூடும். ஓரிரு முறை முயன்றும் விழித்து அழுதால், அந்த வழியை விட்டுவிடுவது நல்லது.

ஒரு சிறுமி கேட்ட கேள்வி

என்ன செய்தும் பத்து நிமிடம் உட்கார மறுக்கும் குழந்தைக்கு வேறு வழி இருக்கிறது. 1955-ல் அமெரிக்காவில் ஆஸ்துமா உள்ள 13 வயதுச் சிறுமி ஒருத்தி, கையால் அழுத்தும் கண்ணாடி நெபுலைசரோடு அல்லாடிக்கொண்டிருந்தாள். 'தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி என் மருந்தையும் ஒரு டப்பாவில் அடைத்துத் தர முடியாதா?' என்று அப்பாவிடம் கேட்டாள். அவள் அப்பா, ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர். மறு ஆண்டே இன்ஹேலர் கடைகளுக்கு வந்துவிட்டது.

இன்றைக்கு அந்த இன்ஹேலரோடு ஸ்பேசர் என்ற குழலையும் குழந்தை மாஸ்க்கையும் சேர்த்து, கைக்குழந்தைகளுக்குக்கூடக் கொடுக்கிறார்கள். ஒரு முறை அழுத்தி, குழந்தை ஐந்தாறு மூச்சு விடும் வரை மாஸ்க்கைப் பொருத்திப் பிடித்தால் போதும். மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை, அரை நிமிடம்கூட ஆகாது. மாஸ்க்குக்கு மட்டும் மேலே சொன்ன அதே ஒத்திகை தேவை.

'பம்ப் என்றால் வீரியம் அதிகம்' என்ற பயம் பலருக்கு உண்டு. உண்மையில் நெபுலைசரில் ஒருமுறை ஊற்றும் சால்பூட்டமால் பெரும்பாலும் 2.5 மில்லிகிராம். இன்ஹேலரில் ஓர் அழுத்தலுக்கு வருவது 0.1 மில்லிகிராம். இழுப்பு அதிகமானால் மருத்துவர்கள் பல அழுத்தல்கள் தரச் சொல்வதும் இதனால்தான். 1,897 குழந்தைகள் இடம்பெற்ற 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உயிருக்கு ஆபத்தில்லாத ஆஸ்துமா தாக்குதலுக்கு ஸ்பேசர், நெபுலைசருக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது. அவசரப் பிரிவில் குழந்தைகள் இருந்த நேரமும் சராசரியாக 33 நிமிடம் குறைந்தது. 'எங்கள் குழந்தைக்கு ஸ்பேசர் போதுமா?' என்று மருத்துவரிடம் கேட்க எந்தத் தயக்கமும் வேண்டாம்.

சுத்தம் முக்கியம்

ஒவ்வொரு முறையும் கிண்ணத்தையும் மாஸ்க்கையும் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, உதறி, காற்றில் உலர்த்த வேண்டும். மருந்தோடு கலக்கச் சொன்னால் நார்மல் சலைன் மட்டுமே. குழாய்த் தண்ணீர் கூடாது. புடசொனைட் வைத்த பிறகு குழந்தையின் முகத்தைத் துடைத்து, வாயில் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். போன முறை எழுதிக் கொடுத்த மருந்தை, இந்த முறையும் கேட்காமல் வைக்க வேண்டாம்.

இந்த நேரத்தில் விளையாட்டு வேண்டாம்

மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு இடையே குழி விழுதல், உதடு நீலம் பாய்தல், பால் குடிக்கவோ பேசவோ முடியாத நிலை, துவண்டு போதல், ஒரு வயதுக்கு மேல் நிமிடத்துக்கு 40, அதற்குக் கீழ் 50 அல்லது அதற்கும் அதிகமான மூச்சு... இவை ஆபத்து அறிகுறிகள். மருந்து வைத்த 4 மணி நேரத்துக்குள் மீண்டும் இழுப்பு வந்தாலும் அப்படியே. இங்கே அழுகை அடங்கக் காத்திருக்கக் கூடாது. மருந்தை வைத்தபடியே 108-க்கு அழைத்து, ஓமலூர் அரசு மருத்துவமனையோ சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எது அருகிலோ அங்கே விரைய வேண்டும். விசில் சத்தம் நின்று, குழந்தை சோர்ந்து கிடந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. காற்றே போகவில்லை என்றும் இருக்கலாம்.

பழக்கமாகிவிடுமா?

'ஒருமுறை வெச்சா ஆயுசுக்கும் வைக்கணும்' என்ற பேச்சுக்கும் ஆதாரம் இல்லை. நெபுலைசர் போதைப் பழக்கம் ஆவதில்லை. அமெரிக்காவின் டூசான் நகரில் குழந்தைகளைப் பிறந்ததில் இருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 1995-ல் வெளியானது. 3 வயதுக்குள் இழுப்பு வந்தவர்களில் 10-ல் 6 பேருக்கு, 6 வயதில் அந்தத் தொல்லை இல்லை.

இன்று மடியில் மிரளும் குழந்தைகளில் பலருக்கு இந்த மெஷின் சில வருடங்களில் பரண்மேல் ஏறிவிடும். அதுவரை வைக்கும் ஒவ்வொரு சொட்டும் நுரையீரலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால், இன்று குழந்தை நன்றாக இருக்கிற நேரத்திலேயே அந்த மாஸ்க்கை எடுத்து, கரடி பொம்மையோடு சேர்த்து அதன் கையில் கொடுத்துவிடுங்கள்.