மெல்ல நடந்த புயல்

புயல் கரையைக் கடந்தது என்று செய்தி வரும்போது கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு அது கடலோரத்தாரின் கதையாகவே தோன்றும். கடல் எங்கே, ஊத்தங்கரை எங்கே! புதுச்சேரியிலிருந்து நேர்கோடு போட்டு அளந்தாலே 140 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஆனால் 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பெய்த மழை 50 சென்டிமீட்டர். ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டியதில் பாதிக்கு மேல் ஒரே நாளில் கொட்டியது. ஏரி கோடி போய், பேருந்து நிலையத்தின் பக்கத்தில் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனது.

இதைச் செய்த ஃபெஞ்சல், காற்றின் கணக்கில் பெரிய புயலே இல்லை. மணிக்கு 62 கிலோமீட்டர் வேகக் காற்று இருந்தால் இந்திய வானிலைத் துறை அதைப் புயல் என்கிறது. 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல், 118-ஐ எட்டினால் மிகத் தீவிரப் புயல். நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது ஃபெஞ்சலின் காற்று 70 முதல் 80 கிலோமீட்டர்தான். புயல்களின் படிவரிசையில் இதுவே கீழ்ப்படி.

இந்தப் படிவரிசை காற்றை மட்டுமே அளக்கிறது, தண்ணீரை அளப்பதில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் மரங்களை வேரோடு சாய்த்தது. ஆனால் விரைந்து நகர்ந்தது, மறுநாளே கர்நாடகப் பக்கம் போய்விட்டது. ஃபெஞ்சலோ கரையேறிய பிறகும் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்கில் நின்றுவிட்டது. புயலுக்குச் சொந்தமாக நடக்கத் தெரியாது. அதைச் சுற்றிலும் மேலேயும் வீசும் பெருங்காற்றோட்டம் எந்தத் திசையில் இழுக்கிறதோ அந்தத் திசையில் அது போகும். அந்த இழுப்பு தளர்ந்தால் பம்பரம்போல நின்ற இடத்திலேயே சுழலும். ஓரிடத்தில் எவ்வளவு மழை பெய்யும் என்பதை மேகம் எவ்வளவு கனமாகப் பொழிகிறது என்பதோடு, எத்தனை மணி நேரம் அங்கே நிற்கிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். புதுச்சேரியும் அதன் பக்கத்து மயிலமும் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை வாங்கியது இப்படித்தான்.

பிறகு அது மேற்கே நகர்ந்து உள்நாட்டுக்குள் வந்தது. நிலத்துக்கு வந்த புயல் இளைக்கும், உண்மைதான். 26 டிகிரிக்கு மேல் சூடான கடல்நீர் ஆவியாகி மேலேறி, குளிர்ந்து துளியாகும்போது வெளிவிடும் வெப்பம்தான் புயலின் உணவு. நிலத்தில் அந்த உணவு கிடைக்காது; மரமும் மேடும் கட்டடமும் உராய்ந்து காற்றின் வேகத்தையும் தின்றுவிடும். ஆனால் வேகம் செத்தாலும் ஈரம் சாவதில்லை. பல கிலோமீட்டர் உயரத்துக்கு ஈரம் நிறைந்த காற்று சுழன்றுகொண்டேயிருக்கும். அந்தச் சுழற்சி வங்கக்கடல் காற்றைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டேயிருக்கும். அந்தக் காற்று ஜவ்வாது மலையையும் சித்தேரி மலையையும் கண்டு மேலே ஏறினால் இன்னும் குளிரும், இன்னும் பொழியும். "வலுவிழந்தது" என்று அறிவிப்பு வந்த பிறகுதான் ஊத்தங்கரைக்கு அந்த மழை வந்தது. பக்கத்து மாவட்டமான தருமபுரியின் அரூரிலும் 30 சென்டிமீட்டருக்கு மேல்.

50 சென்டிமீட்டர் என்பதைச் சற்று நின்று யோசித்துப் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் அது 50 கோடி லிட்டர். அத்தனை நீரும் ஆவியிலிருந்து துளியாக மாறியபோது வானத்தில் வெளிப்பட்ட வெப்பத்தை மின்சாரமாகக் கணக்கிட்டால் சுமார் 35 கோடி யூனிட். தமிழ்நாட்டின் வீடுகளும் ஆலைகளும் பம்புசெட்டுகளும் சேர்ந்து ஒரு நாளில் செலவிடும் மின்சாரம் ஏறக்குறைய அவ்வளவு. ஒரே ஒரு சதுர கிலோமீட்டருக்கு! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு எந்தப் புயலையும் 'வலுவற்றது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரமான ஓசூரில் அந்த அளவு மழை இல்லை. ஆனாலும் ஓசூரையும் ஊத்தங்கரையையும் ஒரே ஆறு கட்டிப்போட்டிருக்கிறது. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையையும் பிறகு கிருஷ்ணகிரி அணையையும் கடந்து, ஊத்தங்கரைப் பக்கத்துப் பாம்பாற்றையும் சேர்த்துக்கொண்டு சாத்தனூர் அணைக்குப் போகிறது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் நொடிக்கு 1.68 லட்சம் கன அடி. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றோர ஊர்கள் மூழ்கின; அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை நின்றது. கடலோர மக்களைப் புயல் இரண்டு முறை அடித்தது: முதலில் கிழக்கிலிருந்து காற்றும் மழையுமாக, இரண்டு நாள் கழித்து மேற்கிலிருந்து ஆறாக.

ஆகவே உள்மாவட்டங்களுக்கான எச்சரிக்கை காற்றின் கிலோமீட்டரில் மட்டும் பேசினால் போதாது என்று நினைக்கிறேன். எத்தனை சென்டிமீட்டர், எத்தனை மணி நேரம், எந்த ஏரி முதலில் கோடி போகும் என்று அது பேச வேண்டும். பர்கூரிலிருந்து ஓசூர் வரை தொழிற்பேட்டைக்காக நிலத்தைச் சமன்செய்யும்போது ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் ஓடையை மேடாக்கிவிட்டால், அந்தக் கேள்விக்குப் பதிலும் மாறிவிடும். மழையின் அளவும் இப்படியே நிற்காது; காற்று சற்று சூடானாலும் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும்: ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 7 சதவீதம். ஊத்தங்கரையின் 50 சென்டிமீட்டரை உச்சவரம்பாக வைத்து மதகும் பாலமும் கட்ட முடியாது.