28,000 ரூபாய்க்கு ஃபியூயல் கண்ட்ரோலர்: மைலேஜ் கணக்கு எங்க இடிக்குது?

கார் லோன் இன்னும் முடியலை. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்கிட்ட நிக்குது. ஈ20 பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் வேற குறைஞ்ச மாதிரி இருக்கு. இந்த நேரம் பார்த்து போன்ல ஒரு விளம்பரம் வரும்: "எங்க ஃபியூயல் கண்ட்ரோலரை மாட்டுங்க, பவரும் கூடும், மைலேஜும் கூடும்." ஆபீஸ்ல ஏற்கெனவே ஒருத்தர் மாட்டியிருப்பார். "வண்டி பறக்குது மச்சி"ன்னு சொல்வார். அவர் சொல்றது பொய்யாக இருக்கணும்னு அவசியமில்லை. ஆனா அவர் பேசுறது பவரைப் பத்தி, நீங்க காசு போடப்போறது மைலேஜுக்காக.

அந்தப் பெட்டி என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சாத்தான் காசுக் கணக்கு புரியும். உங்க காருக்குள்ள ஈசியூன்னு ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கு. உள்ள எவ்வளவு காற்று போகுது, இன்ஜின் எவ்வளவு சூடு, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்தியிருக்கீங்க, இதையெல்லாம் சென்சார் மூலமா கேட்டு, இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்ட் திறந்திருக்கணும்னு அது முடிவு பண்ணும். ஃபியூயல் கண்ட்ரோலர் இந்த சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவுல உட்கார்ந்துக்கிட்டு, சேதியை மாத்திச் சொல்ற தரகர் மாதிரி.

டீசல் கார்ல இது நல்லாவே வேலை செய்யும். காமன் ரெயில்ல பிரஷர் நிஜமா இருக்கறதை விடக் கம்மின்னு பெட்டி சொல்லும். ஈசியூ அதை நம்பி பிரஷரை ஏத்தும். அதே நேரத்துல கூடுதல் டீசல் பாயும், இழுவை கூடும். கவனிங்க: கூடுதல் டீசல்.

பெட்ரோல்ல கதை வேற. சுத்த பெட்ரோல் 1 கிலோ முழுசா எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேணும். சாதாரணமா ஓட்டும்போது சைலன்சர் பாதையில இருக்கற ஆக்சிஜன் சென்சார் எரிஞ்ச புகையைப் பார்த்து, "பெட்ரோல் கம்மி", "பெட்ரோல் ஜாஸ்தி"ன்னு ஈசியூவுக்கு சொல்லிக்கிட்டே இருக்கும். பெட்டி பெட்ரோலைக் குறைச்சா, ஈசியூ அதைக் கண்டுபிடிச்சு திரும்பக் கூட்டிடும். அதுக்கும் ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினா டேஷ்போர்டுல செக் இன்ஜின் லைட் எரியும். அதனால ஓஎம்ஆர் சிக்னல்ல நின்னு நின்னு போற உங்க தினசரி ஓட்டத்துல இந்தப் பெட்டிக்கு பெரிசா வேலையே இல்லை. ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிக்கும்போதுதான் ஈசியூ அந்தக் கணக்கை விட்டுட்டு பெட்ரோலை ஊத்தும். பெட்டி வித்தை காட்டுறது அங்கதான். உங்க நண்பருக்கு வண்டி பறக்கறதும் அப்பதான்.

சில பெட்டிகள் ஆக்சிஜன் சென்சாரோட சிக்னலையும் மாத்தும். அப்ப பெட்ரோல் கொஞ்சம் குறையலாம். ஆனா கலவையில காற்று அதிகமானா நைட்ரஜன் ஆக்சைடு புகையை கேட்டலிடிக் கன்வர்ட்டரால சரியா சுத்தம் பண்ண முடியாது. ஈ20 விஷயமும் இதோட சேர்ந்ததுதான். எத்தனால்ல பெட்ரோலை விட சுமார் மூணுல ஒரு பங்கு எரிசக்தி கம்மி. டேங்க்ல இல்லாத சக்தியை எந்தப் பெட்டியும் கொண்டுவர முடியாது.

(ஸ்டீயரிங் கீழ ஓபிடி போர்ட்ல சொருகற சில நூறு ரூபாய் "மைலேஜ் சேவர்" இந்த லிஸ்ட்லயே வராது. பிரிச்சுப் பார்த்தா பலதுல மினுக்குற எல்இடி விளக்குதான் இருக்கு. அமெரிக்காவோட சுற்றுச்சூழல் அமைப்பு இப்படி எரிபொருள் மிச்சம் பண்றதா சொன்ன நூத்துக்கும் மேற்பட்ட சாதனங்களைப் பரிசோதிச்சும், மைலேஜை குறிப்பிடும்படி கூட்டினதுன்னு ஒண்ணைக்கூட காட்ட முடியலை.)

இப்ப கணக்குக்கு வருவோம். மாசம் 1,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 16 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய்னு வச்சுக்குவோம். மாசச் செலவு 6,250 ரூபாய். பெட்டியும் கூலியும் சேர்த்து 28,000. விளம்பரத்துல சொல்ற 10% மைலேஜ் அப்படியே கிடைக்குதுன்னு நம்பினாக்கூட, செலவு 5,680 ஆகும். மிச்சம் 570 ரூபாய். போட்ட காசு திரும்ப வர 49 மாசம். 4% தான் கிடைச்சுதுன்னா மிச்சம் 240 ரூபாய், ஒன்பதரை வருஷத்துக்கும் மேல காத்திருக்கணும். அதுக்குள்ள காரையே மாத்தியிருப்பீங்க. அதே 28,000-ஐ 7% எஃப்டில நாலு வருஷம் போட்டா சுமார் 36,700. "நோ காஸ்ட் இஎம்ஐ"ல வாங்கினா பிராசஸிங் ஃபீஸும், வட்டி மேல 18% ஜிஎஸ்டியும் வழக்கமா தனியா வரும், அதையும் சேர்த்துக்கோங்க.

இதெல்லாம் சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் இன்ஷூரன்ஸ் பாலிசியோட விதிவிலக்குப் பக்கத்துல இருக்கு.

உங்க கார் பாலிசி விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் மாதிரி விஷயங்களுக்குத்தான். தேய்மானம், மெக்கானிக்கல் அல்லது எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன் இதெல்லாம் அதுல கிடையாதுன்னு தெளிவா எழுதியிருக்கும். சும்மா நிக்கற கார்ல இன்ஜெக்டரோ டர்போவோ போச்சுன்னா இன்ஷூரன்ஸ் ஒரு ரூபாய் தராது. அதுக்குத்தான் கம்பெனி வாரண்டி. ஆனா அனுமதி இல்லாத மாற்றத்தால வந்த பழுதை வாரண்டி விட்டுடும். ஆக, பெட்டியால இன்ஜின் கெட்டா பணம் வரக்கூடிய ரெண்டு கதவும் ஒரே நேரத்துல சாத்திக்கும். "சர்வீஸ் விடறதுக்கு முன்னாடி கழட்டிடலாம் சார்"னு கடைக்காரர் சொல்வார். கழட்டலாம். ஆனா ஈசியூ மெமரியில பதிஞ்ச எரர் கோடும் வயர்ல வெட்டி ஒட்டின இடமும் பெட்டியோட சேர்ந்து வராது.

பிஎஸ்6 டீசல் கார் வச்சிருக்கறவங்க இன்னும் ஒண்ணு யோசிக்கணும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இந்தக் கார்கள்ல கரியைப் பிடிக்கற டிபிஎஃப் ஃபில்டர் இருக்கு. டீசல் கூடினா கரி கூடும், ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். பெட்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி உங்க மாடலுக்கு அந்த ஃபில்டர் என்ன விலைன்னு சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019-ல திருத்தம் வந்த பிறகு, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லை ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லை ரெண்டுமே. ரோட்ல நிக்கற போலீஸ்காரர் பானெட்டைத் திறந்து தேடப்போறதில்லை. ஆனா ஒரு தீ விபத்துக்கு அப்புறம் இன்ஷூரன்ஸ் சர்வேயர் கண்டிப்பா திறந்து பார்ப்பார். நீங்க சொல்லாத ஒரு பெட்டி, அதுக்குப் பக்கத்துலயே வெட்டின வயர். எட்டு லட்ச ரூபாய் க்ளெய்ம் அங்க இருந்து தகராறா மாறும்.

சிஎன்ஜி கிட்டோட ஒப்பிட்டா வித்தியாசம் தெரியும். அங்கீகாரம் உள்ள கிட் மாட்டி, ஆர்டிஓ ஆபீஸ்ல ஆர்சியில ஏத்தி, இன்ஷூரன்ஸ்லயும் சேர்க்கலாம். வழக்கமா கிட் விலைல 4%, அதோட தேர்ட் பார்ட்டிக்கு 60 ரூபாய். 60,000 ரூபாய் கிட்டுன்னா வருஷம் 2,460, மேல ஜிஎஸ்டி. ஃபியூயல் கண்ட்ரோலருக்கு இப்படி ஏற்கெனவே போட்டு வச்ச பாதை இல்லை.

இவ்வளவுக்கு அப்புறமும் "எனக்கு ஓட்டுற சுகம்தான் முக்கியம்"னு சொல்றவங்களோட எனக்கு சண்டை இல்லை. வாரண்டி முடிஞ்ச டர்போ கார், கையில எமர்ஜென்சி ஃபண்ட், அதுக்கு மேல ஆசைக்குன்னு ஒதுக்கின காசு, மூணும் இருந்தா அதை கோவா ட்ரிப் மாதிரி ஒரு செலவா எழுதிக்கோங்க. மாட்டறதுக்கு முன்னாடி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மெயில்ல சொல்லி, பதிலையும் மெயில்லயே வாங்குங்க. கடையில, பெட்டி மாட்டறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் உங்க காரையே ஒரே டைனோ மெஷின்ல ஏத்தி எடுத்த ரெண்டு ரிப்போர்ட்டும் வேணும்னு கேளுங்க. வேற யாரோ காரோட கிராஃபைக் காட்டினா எழுந்து வந்துடுங்க.