அறக்கட்டளையும் வருமான வரிக் கணக்கும்

கோயிலில் நந்தா விளக்கெரிக்க ஆடுகளை வழங்கிய நம் முன்னோர், அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ எனக் கல்லில் பொறித்தனர். ஆடு இறப்பினும் எண்ணிக்கை குறையாது காத்து, நாள்தோறும் நெய் அளத்தல் அவற்றை ஏற்றவர் கடன்.

இன்று அம்முதல் வங்கி வைப்பாகவும் கடைக் கட்டடமாகவும் மாறியுள்ளது. மதுரையிலும் சுற்றூர்களிலும் சித்திரைப் பெருவிழா மண்டகப்படியும் அன்னதானமும் நடத்தும் அறக்கட்டளைகள் பல. கோயிற் பணி என்பதனாலேயே அவற்றிற்கு வரிவிலக்கு வந்துவிடாது. வருமான வரித் துறையில் பதிவுபெற்று, அதனை உரிய காலத்தில் புதுப்பித்து, ஆண்டு வருவாயில் 85 விழுக்காட்டை அறத்திற்கே செலவிட்டு, ஐ.டி.ஆர்.-7 படிவத்தில் கணக்களித்தல் வேண்டும். வயல் விளைவுக்கு வரியில்லை. வாடகையும் வட்டியும் கணக்கில் வரும். பொதுமக்களுக்குப் பயன்படாத தனியார் சமய அறத்திற்கு இவ்விலக்கு இல்லை.

துறையின் இணையதளத்தில் இதற்குரிய மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அது கூட்டலைச் சரிபார்க்கும். வாங்கிய எண்ணெய் விளக்கிற்குச் சென்றதா என்பதை அறியாது. அதற்கு அறங்காவலர் காக்கும் பற்றுச்சீட்டே சான்று. கணக்கை ஏற்றியதோடு கடமை முடிவதில்லை. 30 நாளுக்குள் மின்னணு முறையில் உறுதிசெய்யாவிடின், பின்னர் உறுதிசெய்த நாளே தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்படும். காலவரம்பு முற்றும் கடப்பின் விலக்கே நீங்கக்கூடும். விளக்கிற்குரிய பொருள் வரியாகப் போய்விடும்.

அன்று ஆட்டை எண்ணிக் காத்தனர். இன்று கணக்கை எழுதிக் காத்தலே அவ்விளக்கு அணையாதிருக்க வழி.