போஸ்ட்கிரஸை யார் பார்த்துக்கொள்வது?

திருப்பூர் பனியன் கம்பெனியோ கணபதி பம்ப் பட்டறையோ, ஸ்டாக்கையும் பில்லையும் ஓடூ மென்பொருளுக்கு மாற்றினால், அடியில் உட்காருவது போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்தான்; ஓடூ வேறொன்றில் ஓடாது. 1986-இல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வின் வாரிசு இது. உரிமக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஆனால் பராமரிப்பு பெரும் தலைவலி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை சிறியதுதான், அது யாருடைய வேலை என்று யாரும் முடிவு செய்யாததே சிக்கல்.

ஓர் ஆர்டரை 500 உருப்படியிலிருந்து 600 ஆகத் திருத்தினால், போஸ்ட்கிரஸ் பழைய வரியை அழிப்பதில்லை. பக்கத்தில் புதிதாக ஒன்றை எழுதுகிறது. அந்நேரம் ரிப்போர்ட் எடுப்பவருக்குக் கணக்கு பாதியில் மாறிவிடக் கூடாதல்லவா? பயன் முடிந்த வரிகள் நிட்டிங் மெஷினில் பஞ்சு அடைவதுபோலச் சேர்ந்துகொண்டே போகும். அவற்றைக் களைவதற்கு வேக்யூம் என்று பெயர். 2008-இல் வந்த 8.3 பதிப்பு முதல் அது தானாகவே நடக்கிறதே, பிறகென்ன கவலை என்று கேட்கலாம். ஏதோ ஒரு புரோகிராம் பரிவர்த்தனையைத் தொடங்கி முடிக்காமல் தொங்கவிட்டால், அதற்குப்பின் பயனிழந்த வரிகளை வேக்யூமால் அகற்ற முடியாது. பரிவர்த்தனை எண்களுக்கும் எல்லை உண்டு: வேக்யூம் நெடுநாள் பின்தங்கி, எண்ணிக்கை 200 கோடியை நெருங்கினால், டேட்டாபேஸ் புதிய பதிவுகளை ஏற்க மறுத்துவிடும். 2019 பிப்ரவரியில் மெயில்சிம்ப்பின் மாண்ட்ரில் மின்னஞ்சல் சேவை ஏறத்தாழ 40 மணி நேரம் தடுமாறியது இதனால்தான்.

ஒரு பட்டறைக்கு 200 கோடி எட்டாத தூரம் என்பது சரியே. பேக்கப் அப்படியல்ல. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸையே அழித்துவிட்டார். பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, சர்வரோ 9.6, ஆகவே பேக்கப் நடக்கவே இல்லை. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட பதிவுகள் போனது போனதுதான். கிளவுடில் வாடகைக்கு எடுத்தால் இந்தத் தொல்லை தீருமா? பேக்கப் எடுப்பதை வாடகைக்கு விடுபவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் பரிவர்த்தனையைத் தொங்கவிட்ட புரோகிராம் உங்களுடையது. அதைத் திருத்த அவர்கள் வரமாட்டார்கள். காசு கொடுத்து ஆரக்கிள் வாங்கினாலும் ஆள் தேவைதான்.

ஆகவே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறு கணினியில் ஏற்றி, நேற்றைய பில் அதில் இருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஆதரவு 5 ஆண்டுகள்தான். 13-ஆம் பதிப்புக்கு 2025 நவம்பரோடு முடிந்துவிட்டது. இன்னும் அதில் இருப்பவர்கள் முதலில் அதை மாற்றுங்கள்.