அளவு தெரிந்த பிறகே கேமரா

இணையக் கடையில் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. கம்மலோ சட்டையோ குக்கரோ, வாங்குகிறவர் கண்ணுக்குக் கிடைப்பது படம் ஒன்றுதான். அதனால் பொருள்களைப் படமெடுத்துக் கொடுப்பதையே முழுநேரத் தொழிலாகச் செய்யும் ஸ்டுடியோக்கள் பெருகியிருக்கின்றன. அங்கே கேமராவிலிருந்து வரும் ஃபைல் அப்படியே வெளியே போவதில்லை. ஒரே படம் இணையக் கடைக்கு ஓர் அளவிலும், அச்சிடும் கேட்டலாக்குக்கு வேறோர் அளவிலும், இன்ஸ்டாகிராமுக்கு இன்னொரு வடிவத்திலும் போக வேண்டும். எத்தனை பிக்சல், எந்த ஃபைல் வகை, எந்த நிற முறை, என்ன பெயர் என்பதையெல்லாம் மென்பொருளில் முன்கூட்டியே எழுதி வைப்பதற்குப் பெயர் அவுட்புட் செட்டிங். பல இடங்களில் இது கடைசி வேலை: படமெடுத்து, ரீடச் முடித்து, வாடிக்கையாளர் போன் மேல் போன் போடும்போதுதான் அளவைப் பற்றிய பேச்சே எழுகிறது. உண்மையில் இது முதல் வேலை. படம் எங்கே போய்ச் சேரப்போகிறது என்பது தெரியாமல், அதை எப்படி எடுப்பது என்று முடிவு செய்யவே முடியாது.

அமேசானின் விதிகளையே எடுத்துக்கொள்வோம். பொருளின் முதல் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் எண்ணும் உச்சமான 255. பொருள் படத்தின் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும். விரலால் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி கிடைக்க நீளமான பக்கம் 1,000 பிக்சலாவது வேண்டும். இப்போது 6,000-க்கு 4,000 பிக்சல் தரும் 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு கம்மலை எடுக்கிறோம். லென்ஸைச் சற்றுத் தள்ளி வைத்ததால் கம்மல் 700 பிக்சல் நீளத்துக்குத்தான் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 85 சதவீதம் ஆக வேண்டுமானால் சுற்றியுள்ளதை வெட்டி எறிய வேண்டும். மிஞ்சுவது ஏறக்குறைய 820 பிக்சல் படம். 24 மெகாபிக்சல் கேமரா கையில் இருந்தும் 1,000 எட்டவில்லை. மென்பொருளில் இழுத்துப் பெரிதாக்கலாம். கேமரா பதிவு செய்யாத கல்லின் பட்டையை அது கொண்டுவராது. 2,000 பிக்சல் படம் தர வேண்டுமென்றால் கம்மல் கேமராவிலேயே 1,700 பிக்சலுக்கு விழ வேண்டும். அதற்கு மேக்ரோ லென்ஸ் வேண்டுமா, எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது. பின்னணியும் இப்படித்தான். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் தாள் கேமராவில் பெரும்பாலும் லேசான சாம்பலாகத்தான் பதிகிறது. 255 வேண்டுமானால் பின்னணிக்குத் தனி விளக்கு வேண்டும், இல்லையென்றால் ரீடச் செய்பவர் ஒவ்வொரு படத்திலும் ஓரம் வெட்ட வேண்டும். அவுட்புட் குறிப்பு என்று நாம் நினைப்பது லைட்டிங் குறிப்பாகவும் இருக்கிறது.

எண்கள் எழுதும் இடத்தில் அதிகக் குழப்பம் தருவது டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண். '300 டிபிஐயில் கொடுங்க' என்று கேட்பவர் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறார். எத்தனை அங்குலத்துக்கு என்பது மீதிப் பாதி. 12-க்கு 18 அங்குல அச்சுக்கு 300 டிபிஐ என்றால் 3,600-க்கு 5,400 பிக்சல். மேலே சொன்ன 24 மெகாபிக்சல் கேமராவே போதும். திரையில் மட்டும் பார்க்கும் படத்துக்கோ அந்த 300 ஒரு பொருட்டே இல்லை. 2,000 பிக்சல் படத்தில் 72 என்று எழுதினாலும் 300 என்று எழுதினாலும் அது அதே 2,000 பிக்சல்தான். ஆனால் லைட்ரூம் மென்பொருளின் எக்ஸ்போர்ட் பெட்டியில் அளவை அங்குலத்தில் போட்டால் கதை மாறுகிறது: 10 அங்குலம், 72 என்றால் 720 பிக்சல், 10 அங்குலம், 300 என்றால் 3,000 பிக்சல். அதனால் இணையத்துக்குப் போகும் குறிப்பைப் பிக்சலில் எழுதுவதும், அச்சுக்குப் போவதை அங்குலமும் டிபிஐயும் சேர்த்து எழுதுவதும் நல்ல வழக்கம்.

அடுத்தது நிறம். எச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் 1996-இல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபிதான் இன்றும் இணையப் படங்களின் பொது நிற முறை. அடோபி ஆர்ஜிபி (1998) அதைவிடப் பரந்தது, பச்சைப் பக்கம் குறிப்பாக. பரந்ததுதானே நல்லது என்று ஃபைலை அதிலேயே கொடுத்தால் என்ன ஆகும்? எஸ்ஆர்ஜிபியின் முழுச் சிவப்பு 255. அதே சிவப்பை அடோபி ஆர்ஜிபியில் எழுதினால் எண் ஏறக்குறைய 219. எந்த நிற முறை என்று சொல்ல ஃபைலோடு ஒட்டியிருக்க வேண்டிய கலர் புரொஃபைல் வழியில் எங்காவது உதிர்ந்துவிட்டால், பார்க்கும் திரை அந்த 219-ஐ எஸ்ஆர்ஜிபி எண்ணாகவே படிக்கும். அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவை மங்கித் தெரியும். வீட்டுக்கு வந்த புடவை படத்தில் கண்டதுபோல் இல்லை என்று திருப்பி அனுப்புகிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. நெய்தவர் மீதோ விற்றவர் மீதோதான் பழி விழும். இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி, புரொஃபைல் ஒட்டியே அனுப்ப வேண்டும் என்ற ஒரே வரி இதைத் தடுத்துவிடும்.

இந்த வரிகளை ஒருவர் மனதில் வைத்திருந்தால் போதாது, மென்பொருளில் ஏற வேண்டும். கேப்சர் ஒன்னில் இதை ரெசிபி என்கிறார்கள், லைட்ரூமில் பிரீசெட். 'இணையக் கடை', 'கேட்டலாக்', 'இன்ஸ்டா' என்று தனித்தனியாக எழுதி வைத்துவிட்டால், மூன்றையும் டிக் செய்து ஒரே தடவையில் மூன்று ஃபோல்டர்களுக்கு அனுப்பலாம். இதில் வரிசை முக்கியம். முழு அளவு மூலப்படம் 16 பிட் டிஃப் ஃபைலாகத் தனியே இருக்க வேண்டும். மற்றவை எல்லாம் அதிலிருந்து பிறப்பவை. அளவைக் குறைத்த பிறகுதான் ஷார்ப்பனிங், ஏனென்றால் அச்சுக்கு ஏற்ற கூர்மை திரைக்கான சிறிய படத்தில் உறுத்தும். பெயரும் குறிப்பின் பகுதிதான். அமேசானுக்குப் பொருளின் அடையாள எண்ணே ஃபைல் பெயர். நடுவில் ஓர் இடைவெளியோ கோடோ புகுந்தால் படம் ஏறாது. கேமரா வைத்த வரிசை எண்ணோடு ஆயிரம் படங்களை அனுப்பிவிட்டு, எது எந்தப் பொருள் என்று பிறகு தேடுவது துணியை வெட்டிவிட்டு அளவெடுப்பதற்குச் சமம்.

'இவ்வளவு எதற்கு? இருப்பதிலேயே பெரிய ஃபைலைக் கொடுத்துவிட்டால் தளமே சுருக்கிக்கொள்ளாதா?' என்று கேட்கலாம். சுருக்கிக்கொள்ளும். ஆனால் எங்கே வெட்டுவது, எவ்வளவு அமுக்குவது என்பதை அதுவே முடிவு செய்யும். நீள்சதுரப் படம் சதுரமாகும்போது புடவை முந்தி போனால் கேட்க ஆளில்லை. 'இதெல்லாம் பெரிய ஸ்டுடியோவுக்கு. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் தெருமுனைக் கடைக்கு எதற்கு?' என்பது இன்னொரு கேள்வி. அந்தக் கடைக்குத்தான் இது அன்றாடத் தேவை. அமெரிக்க விசா விண்ணப்பத்துக்குச் சதுரப் படம், 600 முதல் 1,200 பிக்சல் வரை, 240 கேபிக்குள். டிஎன்பிஎஸ்சி பதிவுக்கு 20 முதல் 50 கேபிக்குள். கடைசி நாளில் வரும் மாணவருக்கு, வாட்ஸ்அப்பில் அனுப்பி ஏற்கெனவே நசுங்கிய படத்தை மறுபடியும் நசுக்கிக் கொடுப்பதைவிட, இரண்டு பிரீசெட் எழுதி வைத்து மூலத்திலிருந்தே எடுத்துக் கொடுப்பது கடைக்காரருக்கும் எளிது. ஃபைல் எத்தனை கேபியைத் தாண்டக்கூடாது என்று சொல்லும் பெட்டி லைட்ரூமிலேயே இருக்கிறது.

கனமான எதிர்வாதம் வேறு. கையால் செய்தால் ஒரு படத்தில் தவறு நேரும். பிரீசெட்டில் தவறு இருந்தால் ஆயிரம் படங்களிலும் நேரும். இது உண்மை. அதோடு விதிகளும் நிலையாக நிற்பவை அல்ல, தளங்கள் அவ்வப்போது மாற்றுகின்றன. ஆனால் இந்த இரண்டுமே குறிப்பை எழுதி வைப்பதற்கான காரணங்கள். கையால் செய்த ஆயிரத்தில் எது தவறு என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். பிரீசெட் தவறை ஒரே இடத்தில் திருத்தி, மூலத்திலிருந்து மறுபடி ஓட்டிவிடலாம். அதற்குக் கொடுக்க வேண்டிய விலை சிறியது: புதுக் குறிப்பு எழுதியதும் ஒரே ஒரு படத்தை வெளியே எடுத்து, அது போய்ச் சேரும் தளத்தில் ஏற்றிப் பார்ப்பது, குறிப்பின் பெயரிலேயே திருத்திய மாதத்தை எழுதுவது, அதை மாற்றும் உரிமையை ஒருவரிடம் மட்டும் கொடுப்பது. படத்தின் அழகை முடிவு செய்யும் கண்ணை எந்த மென்பொருளும் பறிக்கவில்லை. பிக்சல் எண்ணும் வேலையைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. ஆகவே புது வாடிக்கையாளர் வந்ததும் ஸ்டுடியோ கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை படங்கள் என்பதல்ல, அவை எங்கெங்கே போகின்றன என்பது. அதற்குப் பதில் எழுத்தில் வராத வரை விலை சொல்லாமல் இருப்பதே இருவருக்கும் நல்லது.